காக்ஸ் இருக்கையில் 11 ஆண்டுகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

2013இல் பதினாறு வயதுப் பெண் ஒருவர் எங்கள் துடுப்புப் படகுக் கழகத்தில் சேர்ந்தார். துடுப்பு வலிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. உயரம் 157 சென்டிமீட்டர். முதல் பருவம் முழுக்க நால்வர் படகில் நன்றாகவே வலித்தார். அடுத்த ஆண்டு ஒரு காலை, எண்மர் படகுக்கு வழக்கமாக வரும் காக்ஸ் (துடுப்பு வலிக்காமல் படகைச் செலுத்துபவர்) வரவில்லை. கரையில் நின்றவர்களில் ஆகச் சிறிய உருவம் இவருடையது. "நீ ஏறிக்கோ" என்றோம். தேர்வு, நேர்காணல், பயிற்சி எல்லாம் அந்த ஒரு வார்த்தையோடு முடிந்தது. மறுநாளும் அவரையே ஏற்றினோம். அப்புறம் அவர் துடுப்பைத் தொடவே இல்லை.

அப்போது நான் உதவிப் பயிற்சியாளர். 2018இல் நடந்த ஒரு மோதலுக்குப் பிறகுதான் இவரைப் பற்றித் தனியாகக் குறிப்பு எழுத ஆரம்பித்தேன். அதற்கு முந்தைய பகுதி நினைவிலிருந்தும் கழகப் பதிவேட்டிலிருந்தும் எடுத்தது. அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அவர் படித்துப் பார்த்து இரண்டு இடங்களைத் திருத்தவும் செய்தார்.

காக்ஸ் வேலை என்னவென்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: எண்மர் படகு 17 மீட்டருக்கு மேல் நீளம் உள்ளது, சர்வதேச விதிப்படி வெறும் படகின் எடை குறைந்தது 96 கிலோ. வலிக்கும் எட்டுப் பேரும் போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார்கள். முன்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஒரே ஆள் பின்முனையில் இருக்கும் காக்ஸ்தான். அவர் கையில் இரண்டு கயிறுகள், அவற்றின் மறுமுனையில் ஒரு சின்னச் சுக்கான். தலையில் மைக், இருக்கைகளுக்கு அடியில் ஒலிபெருக்கிகள், எதிரே இழுப்பு எண்ணிக்கையும் நேரமும் காட்டும் ஒரு பெட்டி. கயிற்றை அசைத்தால் படகு உடனே திரும்பாது. ஓர் இழுப்போ இரண்டு இழுப்போ கழித்துத்தான் திரும்பும். புதிதாக வருபவர்கள் அந்த இடைவெளியில் பதறி இன்னும் கொஞ்சம் அசைப்பார்கள். படகு அளவுக்கு மீறித் திரும்பும். அதைச் சரிசெய்ய எதிர்ப்பக்கம் அசைப்பார்கள். கரையிலிருந்து பார்த்தால் பாம்பு நெளிவதுபோல இருக்கும்.

முதல் நான்கு ஆண்டுகள்

இந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அதுவே ஒரு கண்டுபிடிப்பு என்று இப்போது தோன்றுகிறது. பயிற்சிக்குப் பின் வலித்த எட்டுப் பேரையும் உட்காரவைத்து வீடியோ காட்டுவோம். யாருடைய துடுப்பு தாமதமாக நீரில் இறங்குகிறது, யார் முதுகை முன்கூட்டியே பின்னால் சாய்க்கிறார் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வோம். அந்த நேரத்தில் காக்ஸ் படகைத் துடைத்துக்கொண்டிருப்பார், அல்லது ஒலிபெருக்கி பேட்டரியைச் சார்ஜில் போட்டுக்கொண்டிருப்பார். அவரிடம் நாங்கள் பேசியது இரண்டே விஷயம். ஒன்று, எங்காவது இடித்தால் திட்டு. இன்னொன்று, எடை.

தானாகவே கற்றுக்கொண்டார் என்பது உண்மை. துடுப்புகள் நீருக்குள் இருக்கும்போது சுக்கானைத் தொட்டால் படகு சாயாது, வெளியே இருக்கும்போது தொட்டால் ஒரு பக்கம் சரியும் என்பதை யாரும் சொல்லித்தராமல் கண்டுபிடித்தார். 2017இல் பெண்கள் முதல் எண்மர் படகு அவர் கைக்கு வந்தது.

எடை

சர்வதேச விதிப்படி காக்ஸின் குறைந்தபட்ச எடை, போட்டி உடையோடு 55 கிலோ. அதற்குக் குறைந்தால் 15 கிலோ வரை மணல்மூட்டை போன்ற ஏதாவது ஒரு பாரத்தைத் தனக்கு அருகிலேயே வைத்துக்கொண்டு ஈடுசெய்யலாம். அந்த நாளின் முதல் ஓட்டத்துக்கு ஒரு மணி நேரம் முதல் இரண்டு மணி நேரம் முன்பு வரை எடை பார்ப்பார்கள். 55க்குக் கீழே மெலிவதால் ஒரு லாபமும் இல்லை, மெலிந்த கிலோவை மணலாகத் திரும்பச் சுமக்க வேண்டும். விதியின் நோக்கமே மெலிவதைத் தடுப்பதுதான்.

ஆனால் 55க்கு மேலே இருப்பவரை இந்த விதி காப்பாற்றாது. 2018இல் இவருக்கு வயது 21, எடை 58 கிலோ. அந்த உயரத்துக்கு ஆரோக்கியமான எடை. படகுக் கொட்டகைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தோம். அதில் வாராவாரம் காக்ஸ்களின் எடை மட்டும் ஏறும். யாரும் அவரை மெலியச் சொல்லவில்லை என்று நாங்கள் சாதித்துக்கொண்டிருந்தோம். சுவர் சொன்னது.

இந்த மோகம் இன்று நேற்று வந்ததல்ல. 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில் நெதர்லாந்தின் இருவர் படகு, தன் காக்ஸ் ஹெர்மானுஸ் பிராக்மன் கனமாக இருக்கிறார் என்று அவரை இறக்கிவிட்டு, ஒரு சின்னப் பையனை ஏற்றிக்கொண்டு இறுதிப் போட்டியில் வென்றது. அந்தப் பையனின் பெயர் இன்றுவரை உறுதியாகத் தெரியவில்லை.

மோதல்

2018 இலையுதிர்காலத்தில் ஆற்றில் ஒரு நீண்ட தூரப் போட்டி. படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பும், நேரத்தை வைத்து வெற்றி. வேகமான படகு முந்த வரும்போது மெதுவான படகு வழிவிட வேண்டும். ஒரு வளைவில் எங்கள் படகு முன்னால் போன படகை நெருங்கியது. உள்பக்கத்தைக் கேட்டு இவர் கூப்பிட்டார். அந்தப் படகு உடனே விலகவில்லை. வேகத்தைக் குறைப்பது, வெளிப்பக்கமாகச் சுற்றிப் போவது, அதே பாதையைப் பிடித்துப் போவது என்று மூன்று வழிகள் இருந்தன. இவர் மூன்றாவதைப் பிடித்தார். துடுப்புகள் சிக்கின. எங்கள் 3ஆம் இருக்கைக்காரரின் கைப்பிடி திரும்பி அவர் விலாவில் இடித்தது. இரண்டு வாரம் அவரால் வலிக்க முடியவில்லை. நடுவர்கள் எங்களுக்கு நேர அபராதம் விதித்தார்கள்.

கரைக்கு வந்ததும் தலைமைப் பயிற்சியாளர் எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார். நான் அருகில் நின்று பேசாமல் இருந்தேன். அடுத்த வாரமே இவரை இறக்கி, 51 கிலோ எடையுள்ள பதினெட்டு வயதுப் பெண் ஒருவரை ஏற்றினோம். பதிவேட்டில் எழுதிய காரணம் "சுக்கான் பிழை". எடையும் ஒரு காரணம் என்பது எல்லோருக்கும் தெரியும்.

முந்தைய நாள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல்தான் அந்தப் போட்டிக்கு வந்ததாக ஆறு மாதம் கழித்து இவர் என்னிடம் சொன்னார். தலை கனத்திருந்ததாம், வளைவில் தூரத்தைக் கணிக்க முடியவில்லையாம். மோதலுக்கு நீரிழப்புதான் காரணம் என்று அடித்துச் சொல்ல என்னால் முடியாது. தெளிந்த தலையோடு இருப்பவர்களும் அந்த வளைவில் இடித்திருக்கிறார்கள். ஆனால் ஒன்பது பேரின் பாதுகாப்பைக் கையில் வைத்திருக்கும் ஆளை அந்த நிலையில் படகேற்றியவர்கள் நாங்கள்.

கவனித்தவை

அவர் கழகத்தை விட்டுப் போகவில்லை. இரண்டாம் படகில் உட்கார்ந்தார். நான் கொஞ்சம் குற்ற உணர்ச்சியோடு கணக்குப் போட ஆரம்பித்தேன்.

பெண்கள் எண்மர் படகு ஆட்களோடும் துடுப்புகளோடும் சேர்ந்து சுமார் 750 கிலோ. அதில் 3 கிலோ என்பது 0.4 சதவீதம். எடை கூடினால் படகு சற்று ஆழமாக அமிழும், நீரின் எதிர்ப்பு கூடும். அதைத் தோராயமாகக் கணக்கிட்டால் 2000 மீட்டரில் 0.3 வினாடி வித்தியாசம் வருகிறது. தூரத்தில் சொன்னால் ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேல். சரி, சுக்கான்? நேர்கோட்டிலிருந்து இந்தப் பக்கம் 3 டிகிரி, அந்தப் பக்கம் 3 டிகிரி என்று படகு நெளிந்துகொண்டே போனால் 2000 மீட்டருக்கு 2.7 மீட்டர் கூடுதல் பயணம். சுக்கான் திரும்பும்போதெல்லாம் நீரை இழுத்துப் பிடிக்குமே, அது தனி. இவ்வளவு நெளிவைக் கரையில் இருப்பவர் கண்ணால் பிடிப்பது கடினம்.

இதை ஜிபிஎஸ் வைத்து அளக்கலாம் என்று நினைத்தேன். சாதாரணக் கருவியின் பிழையே சில மீட்டர் இருப்பதால் அது உதவவில்லை. பதிலாக, காக்ஸின் கைகள் தெரியும்படி ஒரு சின்னக் கேமராவைப் படகில் கட்டி, கயிறு அசையும் தடவைகளை எண்ணினோம். ஒரு 2000 மீட்டர் ஓட்டத்தில் 220, 230 இழுப்புகள் வரும். இவர் அதில் முப்பது தடவைக்குச் சற்று அதிகமாகத் தொட்டார், பெரும்பாலும் இழுப்பின் ஆரம்பத்தில். புதிய காக்ஸ் எழுபதுக்கும் மேல், எந்த நேரத்திலும். ஒன்றரை மீட்டரை மிச்சப்படுத்தப் போய் அதைவிடப் பெரியதை இழந்துகொண்டிருந்தோம் என்றே நினைக்கிறேன்.

அடுத்தது ஒலிப்பதிவு. இங்கே அவருக்குச் சாதகமான கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. 500 மீட்டரிலிருந்து 1500 வரை அவர் வாய் ஓயவே இல்லை. பேசியதில் பாதிக்கு மேல் "விடாதே", "தள்ளு", "இப்போ, இப்போ". எவ்வளவு தூரம் மிச்சம், இழுப்பு வேகம் என்ன, பக்கத்துப் படகு எங்கே என்ற தகவல்கள் அங்கங்கே தலைகாட்டின. "பத்து இழுப்பு முழு பலம்" என்ற அழைப்பு ஒரே ஓட்டத்தில் ஏழு தடவை. ஏழு தடவை முழு பலம் யாரிடம் இருக்கும்? மைக் இருக்கும்போதே கத்தியதால் ஒலிபெருக்கியில் சத்தம் கிழிந்து பாதி வார்த்தைகள் புரியவும் இல்லை.

வலித்தவர்களிடம் பெயர் எழுதாத சீட்டில் கேட்டோம். ஒரு சீட்டை மட்டும் இங்கே தருகிறேன்: "ரெண்டு சீட் பின்னாடிதான் இருக்கோம்னு சொன்னா. முடிஞ்சதும் பார்த்தா ஒரு படகு நீளம். இனிமே அவ சொல்றத நம்பி நான் எதையும் மிச்சம் வைக்காம இழுக்க மாட்டேன்."

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பின்தங்கிய படகுகள்தான் கண்ணில் படும். முந்திப் போனவர்கள் தெரிய மாட்டார்கள். தோற்றுக்கொண்டிருக்கும் படகில் நிலவரம் காக்ஸின் வாயில் மட்டுமே இருக்கிறது. உற்சாகப்படுத்துவதாக நினைத்து அவர் குறைத்துச் சொன்னார். எட்டுப் பேரும் அதை நம்பி, இன்னும் நேரம் இருக்கிறது என்று பலத்தைச் சேமித்தார்கள்.

எடுத்த முடிவுகள், காரணங்கள்

2019 தொடக்கத்தில் தலைமைப் பயிற்சியாளரோடு உட்கார்ந்தோம். இவரும் இருந்தார்.

முதலில் சுவரிலிருந்த தாளைக் கிழித்தோம். இவர் இயல்பான எடையிலேயே போட்டியிடுவார், எடையைப் பற்றி மருத்துவர் மட்டும் பேசுவார் என்று முடிவானது. தலைமைப் பயிற்சியாளர் இதற்கு லேசில் ஒப்பவில்லை. "0.3 வினாடியில பதக்கம் போகும்" என்றார். போகத்தான் செய்யும், அவர் சொன்னதில் தவறில்லை. அந்த 0.3 வினாடியை வேறு எங்கிருந்து எடுக்கலாம் என்பதுதான் என் வாதம்.

இரண்டாவது, ஒவ்வொரு பயிற்சியையும் ஒலிப்பதிவு செய்து, வாரம் ஒரு மணி நேரம் அவரும் நானும் கேட்பது. வலிப்பவர்களுக்கு வீடியோ போல இவருக்கு ஒலி. முதல் நான்கு வாரம் அவரால் தன் குரலைக் கேட்கவே முடியவில்லை. நிறுத்துங்கள், நிறுத்துங்கள் என்பார்.

மூன்றாவது, கண்ணால் கண்டதை மட்டும் சொல்வது. முக்கால் படகு பின்னே என்றால் முக்கால். சரியாகத் தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்லிவிடுவது. இதை அவரேதான் கேட்டு வாங்கிக்கொண்டார், அந்தச் சீட்டைப் படித்த பிறகு.

குரலுக்குப் பேச்சுப் பயிற்சியாளர் ஒருவரிடம் அனுப்பினோம். வாரம் இரண்டு முறை சின்னப் படகில் தானே வலித்துப் பார்க்கவும் ஏற்பாடு செய்தோம். கடைசி 300 மீட்டரில் தொடை எரியும்போது காதில் எத்தனை சொல் ஏறும் என்பதை உடம்புதான் சொல்லித்தர வேண்டும்.

ஒரு முடிவு தவறிப்போனது. எந்த மீட்டரில் எதைச் சொல்வது என்று முழு ஓட்டத்துக்கும் நான் ஒரு வசனம் எழுதிக் கொடுத்தேன். அவர் மனப்பாடம் செய்து ஒப்பித்தார். 1000 மீட்டரில் பக்கத்துப் படகு பாய்ந்து முந்தியபோது, இவர் தாளில் இருந்தபடி "மூச்சை நிதானமாக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு மாதத்தில் அதைக் கைவிட்டோம்.

பிறகு நடந்தவை

2019 பாதியில் முதல் படகுக்குத் திரும்பினார். 2020இல் பெருந்தொற்றால் போட்டிகளே இல்லை. அந்த ஆண்டு பழைய பதிவுகளை உட்கார்ந்து கேட்டார். அவர் திறமை அதிகம் வளர்ந்தது தண்ணீரையே காணாத அந்த மாதங்களில்தான் என்பது என் எண்ணம்.

2021இல் ஒரு 2000 மீட்டர் இறுதிப் போட்டி. பாதித் தூரத்தில் முக்கால் படகு நீளம் பின்னே இருந்தோம். பதிவில் அவர் குரல் அமைதியாக இருக்கிறது: "முக்கால். அவங்க 38ல இழுக்கறாங்க, நாம 36. காத்திருங்க." (38, 36 என்பது நிமிடத்துக்கு எத்தனை இழுப்பு என்பது.) அப்புறம் ஒன்பது இழுப்பு எதுவும் பேசவில்லை. கடைசி வேகத்தை 500 மீட்டர் மிச்சம் இருக்கும்போது தொடங்குவது திட்டம். முன்படகு தளர்வதைக் கண்டு 400 வரை தள்ளிப்போட்டார். எட்டுப் பேரும் அவர் சொன்ன இடத்தில்தான் வேகத்தைக் கூட்டினார்கள். மீட்டர் மீட்டராக நெருங்கி, 0.3 வினாடியில் தோற்றோம்.

ஆமாம், 0.3. அன்று அவர் எடை 58 கிலோவுக்குச் சற்று மேல். தலைமைப் பயிற்சியாளர் என்னைத் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. இந்த நிகழ்வை எழுத நான் இத்தனை காலம் தயங்கியதற்கு அந்தப் பார்வையும் ஒரு காரணம். 55 கிலோவில், தண்ணீர் குடிக்காத தலையோடு, அந்தக் காத்திருப்பை அவர் செய்திருப்பாரா என்று யோசித்துப் பார்க்கிறேன். செய்திருக்க மாட்டார் என்று நம்புகிறேன். நிரூபிக்க வழியில்லை.

2022இல் ஆண்கள் எண்மர் படகு. காக்ஸ் எந்தப் பாலினத்தவராகவும் இருக்கலாம் என்று சர்வதேச விதி 2017இல் மாறியதால் கிடைத்த வாய்ப்பு. டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற நியூசிலாந்தின் பெண்கள் எண்மர் படகுக்கு கேலப் ஷெப்பர்ட் என்ற ஆண் காக்ஸாக இருந்ததை அதற்குள் எல்லோரும் பார்த்திருந்தார்கள். படகு கனமாக இருப்பதால் இவருடைய 3 கிலோவை அங்கே யாரும் பொருட்படுத்தவும் இல்லை.

2023இல் தேசிய அணி முகாமுக்கு அழைப்பு வந்தது. இந்தத் தொழிலின் குறுகிய கழுத்து அங்கேதான். காக்ஸ் உள்ள இருவர் படகும் நால்வர் படகும் 1992க்குப் பிறகு ஒலிம்பிக்கில் இல்லை. ஆண்கள் எண்மர், பெண்கள் எண்மர் என ஒரு நாட்டுக்கு மிஞ்சிப்போனால் இரண்டு இருக்கைகள். பாராலிம்பிக்கில் கலப்பு நால்வர் படகில் இன்னொன்று. முகாமில் மூன்று பேர் இருந்தார்கள். இவர் மூன்றாவதாக வந்தார்.

கடைசிப் பருவம் கழகத்தின் பாரா (மாற்றுத்திறனாளிகள்) நால்வர் படகில் கழிந்தது. இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள், அவர்களில் ஒருவருக்குப் பார்வைக் குறைபாடு. இங்கே காக்ஸ் முன்முனையில் படுத்துக்கொண்டு போவார், வலிப்பவர்களின் முகமே தெரியாது. படகின் அசைவை முதுகால் படிக்க வேண்டும். கவிழ்ந்தால் மூடிய இடத்திலிருந்து நழுவி வெளியே வர வேண்டும் என்பதால், தானாக உப்பும் உயிர்காப்புச் சட்டையை அங்கே போடக்கூடாது. அவரை எடையைப் பற்றி ஒருவரும் ஒரு தடவைகூடக் கேட்காத பருவம் இதுதான் என்று சொல்லிச் சிரித்தார். 2024இல், 27 வயதில், தானாகவே விலகினார். இப்போது கழகத்தில் காக்ஸ்களுக்குப் பயிற்சி தருகிறார்.

மறுபடி செய்வதானால்

கரையில் நிற்பவர்களில் சிறியவரைக் கைகாட்டி ஏற்ற மாட்டோம். விருப்பம் கேட்போம், முதல் மாதம் அனுபவமுள்ளவரோடு பயிற்சியாளர் படகில் உட்காரவைத்துத் தண்ணீரைப் படிக்கச் சொல்லித்தருவோம். ஒலிப்பதிவு முதல் நாளிலிருந்தே இருக்கும். மோதல் நடந்தால் அன்று மாலையே, கூச்சல் இல்லாமல், காக்ஸையும் வைத்துக்கொண்டு எழுதுவோம். நேற்று என்ன சாப்பிட்டார், எவ்வளவு குடித்தார், எவ்வளவு தூங்கினார் என்பதும் அதில் இருக்கும். இவை மூன்று ஆண்டுகளாக நடைமுறையில் உள்ளன.

இன்னொருவரைப் பற்றியும் எழுத வேண்டும் என்று நினைத்தேன். 2018இல் இவருக்குப் பதிலாக நாங்கள் ஏற்றிய அந்தப் பதினெட்டு வயதுப் பெண். அவருக்கும் யாரும் எதுவும் சொல்லித்தரவில்லை. படகு நெளிந்தது, திட்டு வாங்கினார், 2019 பாதியில் இறக்கப்பட்டார், அந்தக் குளிர்காலத்தில் வருவதை நிறுத்திக்கொண்டார். அவர் சுக்கான் பிடித்த விதம் பற்றியோ, என்ன பேசினார் என்பது பற்றியோ ஏதாவது இருக்கிறதா என்று பழைய பதிவேட்டைத் தேடினேன். மொத்தம் பதினோரு வரி இருக்கிறது. ஒவ்வொரு வரியிலும் ஒரு தேதி, பக்கத்தில் அவர் எடை.